மிச்சமாகும் நிமிடத்துக்கும் கூலி பேசுங்கள்

திருப்பூர் பனியன் தொழில் கூலிப் பேச்சுவார்த்தையில் அமரும் உற்பத்தியாளர், ஏற்றுமதியாளர் சங்க நிர்வாகிகளுக்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த முறை நீங்கள் கூலி ஒப்பந்தம் பேச உட்காரும்போது அதில் ஒரு புதுப் பிரிவு சேர்க்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். புது மிஷினோ புது முறையோ வந்து ஒரு பீஸ் தைக்கும் நேரம் குறைந்தால், அந்த மிச்சத்தில் தைக்கிறவருக்கு என்ன பங்கு என்பதை ஒப்பந்தமே சொல்ல வேண்டும். இது சங்கத்தின் கோரிக்கை மட்டுமல்ல, முதலாளிகளுக்கும் இதில் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்புவதால்தான் இரண்டு தரப்புக்கும் ஒரே மடலாக எழுதுகிறேன்.

நான் பனியன் கம்பெனியில் அடுக்கிக் கட்டும் வேலைக்குச் சேர்ந்து, ஓவர்லாக் தையல் பழகி, லைன் சூப்பர்வைசராகி, பிறகு காஸ்டிங், அதாவது ஒரு பீசுக்கு என்ன செலவு என்ற விலைக் கணக்கு, போடும் மேசைக்கு வந்தவன். மிஷினில் உட்கார்ந்து பீஸ் எண்ணியதும் உண்டு, பையர், அதாவது நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், கேட்ட விலைக்குள் கணக்கை அடக்க ராத்திரி வரை உட்கார்ந்ததும் உண்டு. இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒன்று: நம் ஊரில் கூலி இரண்டு இடத்தில் தீர்மானமாகிறது. ஒன்று, நீங்கள் அமரும் பேச்சுவார்த்தை மேசை. இன்னொன்று, ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு ஒரு ஆபரேஷனுக்கு (பீசில் ஒருவர் செய்யும் ஒரு கட்ட வேலைக்கு) எத்தனை விநாடி என்று எழுதும் மேசை. முதல் மேசையில் எல்லோரும் இருக்கிறீர்கள். இரண்டாவது மேசையில் தொழிலாளியின் சார்பில் ஒருவரும் இல்லை.

பேச்சுவார்த்தையில் எப்போதும் பேசுவது ஒரே விஷயம். நடப்புக் கூலிக்கு மேல் எத்தனை சதவீதம்? ஒரு தரப்பு பெரிய எண் சொல்லும், மறு தரப்பு சின்ன எண் சொல்லும், பல சுற்றுக்குப் பிறகு நடுவில் எங்கோ முடியும். அதை நான்கு வருடத்துக்குப் பிரித்துப் போடுவீர்கள். தவறில்லை, அதுகூட இல்லாத ஊர்கள் நாட்டில் நிறைய. பல சங்கங்களும் பல கம்பெனிகளும் சேர்ந்து ஊருக்கே ஒரு கூலி ஒப்பந்தம் போடும் பழக்கத்தை திருப்பூர் இத்தனை வருடம் காப்பாற்றி வந்திருப்பது பெரிய விஷயம். 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. விலைவாசி ஏறினால் கூலியும் அதற்குத் தக்கபடி ஏற வேண்டும் என்பதுதான் பஞ்சப்படி. அரிசி விலை மாறினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு கணக்கு வைத்தோம். மிஷின் மாறினால் என்ன செய்வது என்பதற்கு இன்றுவரை கணக்கு இல்லை.

மிஷின் எவ்வளவு மாறிவிட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் வரிசையாக நினைத்துப் பாருங்கள். அட்டைப் பேட்டனை வைத்துச் சாக்பீசால் கோடு போட்டு வெட்டிய இடத்தில் கம்ப்யூட்டர் மார்க்கரும் ஆட்டோ கட்டரும் வந்தன. துணி விரிக்க மேசையின் இரண்டு பக்கமும் ஆள் நின்ற இடத்தில் ஸ்ப்ரெடர் ஓடுகிறது. கிளட்ச் மோட்டார் போய் சர்வோ மோட்டார் வந்தது. தையல் முடிந்ததும் நூலைத் தானே வெட்டும் மிஷின் வந்தது. டேபிள் பிரிண்டிங் செய்த பட்டறைகள் பலவற்றில் இப்போது மிஷின் பிரிண்டிங், டிஜிட்டல் பிரிண்டிங். பெரிய கம்பெனிகளில் பீஸ் ஹேங்கரில் தொங்கிக்கொண்டு தானாக அடுத்த ஆளிடம் போகிறது. ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் ஒரு சின்னத் திரை, யார் எத்தனை பீஸ் முடித்தார், எத்தனை நிமிடம் சும்மா இருந்தார் என்று மேலே சொல்லிக்கொண்டே இருக்கிறது. இவற்றில் எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாள் முழுக்க பெடலை மிதித்து இடுப்பு ஒடிந்தவர்களை எனக்குத் தெரியும். நல்ல மிஷின் உடம்புக்கு நல்லது.

பிரச்சினை கணக்கில்தான். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஷோல்டர் ஜாயின்ட் ஒரு பீசுக்கு 30 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 120 பீஸ். பீசுக்கு 50 காசு என்றால் மணிக்கு 60 ரூபாய். புது மிஷின் வந்து அதே வேலை 24 விநாடியில் முடிகிறது. இப்போது மணிக்கு 150 பீஸ். பழைய ரேட்டே இருந்தால் தொழிலாளிக்கு 75 ரூபாய் வந்திருக்கும். ஆனால் ரேட் 40 காசாகிவிடும். "மிஷின் நாங்கள் வாங்கினது, நீ அதிகமாக என்ன செய்தாய்?" என்று கேட்பார்கள். 150 பெருக்கல் 40 காசு, மறுபடியும் அதே 60 ரூபாய். அவர் கையில் வரும் பணம் மாறவில்லை. ஆனால் 120 முறை எடுத்து வைத்துத் திருப்பிய கை இப்போது 150 முறை எடுத்து வைக்கிறது. ஷிப்ட் சம்பளக்காரருக்கும் இதே கதைதான். அங்கே ரேட் குறையாது, டார்கெட் ஏறும்.

மிஷினுக்கு முதல் போட்டவருக்கு அதில் பங்கு வேண்டும் என்பது நியாயம். கடன் வாங்கித்தான் பலரும் மிஷின் போடுகிறார்கள். நான் கேட்பது, மிச்சமான 10 காசில் 5 காசாவது தைக்கிறவருக்குப் போகட்டும் என்பது. ரேட் 45 காசு என்றால் மணிக்கு 67 ரூபாய் 50 காசு வரும். கம்பெனிக்கும் பீசுக்கு 5 காசு மிச்சம். இந்தச் சின்ன வித்தியாசத்தை எழுதி வைக்காததால், மிஷின் மாறும் ஒவ்வொரு முறையும் கம்பெனிக்குக் கம்பெனி, லைனுக்கு லைன் தகராறு நடக்கிறது. பேசத் தெரிந்த டெய்லருக்கு ஒரு ரேட், பேசத் தெரியாதவருக்கு இன்னொரு ரேட்.

இதைவிடக் கடினமான பகுதி, வேலையே இல்லாமல் போகிறவர்களுடையது. நம் ஒப்பந்தங்களில் கட்டிங், பவர் டேபிள் (தையல்), அயர்ன், செக்கிங், பேக்கிங் என்று பிரித்திருக்கும் பட்டியலில் கைமடிக்கும் ஒரு இடம் உண்டு. டெய்லர் பக்கத்தில் நின்று பீசை எடுத்துக் கொடுத்து, மடித்து, நூல் வெட்டி அடுக்கும் வேலை. பெரும்பாலும் பெண்கள், அதிலும் வயது கூடியவர்கள். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நூல் வெட்டும் மிஷின் வந்த பருவத்தில் கைமடி ஆட்களைக் குறைத்தார்கள். யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதாகச் சொல்லவில்லை. "ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம்" என்று சொன்னார்கள். ஆர்டர் வந்தது, கூப்பிடவில்லை. அதில் ஒரு அக்கா கேட்டார்: "மிஷின் நல்லாத்தான் இருக்குது தம்பி. என் கைக்கு வேற என்ன வேலை இருக்குதுன்னு யாராச்சும் சொல்லலாமில்ல?" செக்கிங் பழக்கிக் கொடுத்திருந்தால் அவர் செய்திருப்பார். பல வருடம் பீசைக் கையில் வாங்கியவருக்கு ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் தொட்டாலே தெரியும். பழக்கிக் கொடுப்பது யார் பொறுப்பு என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை, அதனால் யாரும் செய்யவில்லை.

இனி முதலாளிகள் தரப்பில் வரும் பதிலுக்கு வருகிறேன், அதில் உண்மை இருக்கிறது. "மிச்சமான நிமிடம் எங்கள் பையிலும் நிற்பதில்லை, பையர் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்" என்பீர்கள். காஸ்டிங் மேசையில் இருந்ததால் இது எனக்கும் தெரியும். பெரிய பிராண்டுகள் இப்போது விலை கேட்பதில்லை, விலை சொல்கிறார்கள். நூல் எத்தனை, நிட்டிங் எத்தனை, டையிங் எத்தனை, ஒரு பீசுக்கு எத்தனை நிமிடம், நிமிடத்துக்கு எத்தனை ரூபாய் என்று வரி வரியாகப் பிரித்துக் கேட்கிறார்கள். அவர்களிடமே ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் நேரப் பட்டியல் இருக்கிறது. உங்கள் லைனில் புது மிஷின் வந்தது தெரிந்த அடுத்த சீசனிலேயே நிமிடத்தைக் குறைத்துக்கொண்டு விலை பேசுவார்கள். நூல் விலை ஏறினால் மட்டும் அதே வேகத்தில் விலை ஏற்றித் தருவதில்லை. 2022ல் 40ஆம் நம்பர் நூல் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது, முன்பே ஒத்துக்கொண்ட விலைக்குத் தைத்துக் கொடுத்துவிட்டு நட்டத்தை யார் தாங்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

பையருக்கு இந்தப் பலம் 2005க்குப் பிறகு கூடியது. அதற்கு முன், பணக்கார நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவு துணிதான் வாங்கலாம் என்று கோட்டா இருந்தது. விலை குறைவு என்பதற்காக எல்லா ஆர்டரையும் ஒரே நாட்டுக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. 2005 ஜனவரி 1ஆம் தேதி கோட்டா முடிந்தது. கதவு நமக்கும் திறந்தது, எல்லோருக்கும் திறந்தது. 1980களின் நடுவில் சில பத்துக் கோடிகளாக இருந்த நம் ஏற்றுமதி இன்று 40,000 கோடி ரூபாய் அளவுக்கு வந்திருக்கிறது என்றால் அந்தத் திறப்பும் ஒரு காரணம். அதே நேரம் டாக்கா, ஹோ சி மின் நகரம், திருப்பூர் மூன்றும் ஒரே பையரின் ஒரே பட்டியலில் மூன்று வரிகளாகிவிட்டன. வங்கதேசத்துக்கு ஐரோப்பாவில் வரி இல்லை என்பதையும் நாம் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கேயும் இதே ஜூக்கி, இதே பிரதர், இதே பெகாசஸ் மிஷின்தான். பையர் காட்டும் நேரப் பட்டியலும் அதேதான். வித்தியாசப்படுவது அரசாங்கமும் சங்கமும் முதலாளியும் சேர்ந்து என்ன தீர்மானிக்கிறார்கள் என்பது. வங்கதேசத்தில் 2018ல் 8,000 டாக்காவாக வைத்த குறைந்தபட்சக் கூலி, தெருவில் இறங்கிய தொழிலாளர்கள் சிலர் உயிரையும் கொடுத்த பிறகு, 2023 டிசம்பரிலிருந்து 12,500 டாக்கா ஆனது. நம் தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கு 2004க்குப் பிறகு 2014ல்தான் குறைந்தபட்சக் கூலியை மாற்றி அறிவித்தார்கள். ஐந்து வருடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும் என்று 1948ஆம் வருடச் சட்டம் சொல்லியும் அவ்வளவு காலம் ஆனது. அதையும் எதிர்த்து உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டு, 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசு அறிவிப்பு செல்லும் என்று சொன்ன பிறகே அது கைக்கு வர வழி பிறந்தது. கூலி குறைவாக இருந்த அந்தக் காலத்தில் அந்தப் பணம் முதலாளிகளிடமே தங்கியதா? பெரும்பகுதி பையரிடம் விலைக் குறைப்பாகப் போனது என்று நீங்களே சொல்வீர்கள்.

அதனால்தான் இந்தப் பிரிவு உங்களுக்கும் பாதுகாப்பு என்கிறேன். ஒரு கம்பெனி மட்டும் "மிச்சத்தில் தொழிலாளிக்குப் பாதி" என்றால், பையர் பக்கத்துக் கம்பெனிக்குப் போவான். ஊரே சேர்ந்து ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது நூல் விலைபோல ஒரு செலவு வரி ஆகிவிடும். "இதற்குக் கீழே என்னால் முடியாது, எங்கள் ஊர் ஒப்பந்தம் இது" என்று காகிதத்தைக் காட்டலாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே முடிந்தது என்று பேசினோம். பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு மாறினோம். அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் அந்தச் செலவை விலையில் சேர்த்துக் கேட்க முடிந்தது. இன்று வெளிநாட்டுக் கண்காட்சிகளில் அதையே நம் பெருமையாகச் சொல்கிறீர்கள், சொல்ல வேண்டியதும்தான். ஆனால் பட்டறைகள் மூடிக் கிடந்த மாதங்களில் ஊருக்குத் திரும்பிப் போன சாயத் தொழிலாளிக்கு யாரும் வட்டியில்லாக் கடன் தரவில்லை. நொய்யல் ஆற்றுக்கு நல்லது நடந்தது. அந்த மாற்றத்தின் பாரத்தில் பெரும்பங்கைத் தூக்கியவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

"மிஷின் எங்கள் பணம்" என்ற வாதத்துக்கும் ஒரு பதில் உண்டு. முழுதும் உங்கள் பணம் அல்ல. மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் 1999 ஏப்ரலில் தொடங்கி, வேறு வேறு வடிவத்தில் 2022 மார்ச் வரை நடந்தது. முதலில் வட்டி மானியம், கடைசிக் கட்டத்தில் ஆடைத் தயாரிப்புக்கு மிஷின் விலையில் 15 சதவீதம் வரை மூலதன மானியம். கடையில் சோப்பு வாங்கும்போது கைமடி அக்கா கட்டும் வரியும் அதில் இருக்கிறது. அந்தப் பணத்தில் வந்த மிஷின் அவருடைய வேலையை எடுத்துக்கொண்டது. திட்டம் இருந்த வருடங்களில் மானியத்தோடு சேர்த்து "தொழிலாளியின் கூலியும் வேலையும் என்ன ஆனது?" என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். இனி வரும் திட்டங்களிலாவது அதைக் கேட்கும்படி இரு தரப்பும் சேர்ந்து அரசிடம் சொல்ல வேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. "மிச்சத்தில் பங்கு" என்று பேச ஆரம்பித்தால் ஆள்குறைப்பை ஒத்துக்கொண்டது போலாகும் என்ற தயக்கம் உங்களில் பலருக்கு இருப்பது எனக்குத் தெரியும். அந்தத் தயக்கத்தால் மிஷின் வராமல் நிற்கவில்லை. சங்கம் பார்க்காத கதவு வழியாக வந்தது, அவ்வளவுதான். நான் கேட்பது புதிய யோசனையும் அல்ல. 1957ல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டை நீங்கள் மேடைதோறும் சொல்வீர்கள். குறைந்தபட்சக் கூலி எப்படிக் கணக்கிட வேண்டும், ஆளுக்கு எத்தனை கலோரி உணவு, குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கஜம் துணி என்று சொன்ன மாநாடு அது. அரசும் முதலாளிகளும் சங்கங்களும் உட்கார்ந்திருந்த அதே மாநாடு, ஆலைகளில் புது மிஷின் வருவதைப் பற்றியும் ஒரு முடிவு எடுத்தது. இருக்கும் தொழிலாளிக்கு வேலையோ வருமானமோ போகக் கூடாது. பலனைச் சமூகம், முதலாளி, தொழிலாளி மூவரும் நியாயமாகப் பகிர வேண்டும். வேலைப்பளு எவ்வளவு என்பதை இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபுணர்களே கணக்கிட வேண்டும். 72 கஜத்தை ஞாபகம் வைத்துக்கொண்ட நாம் இந்த முடிவை மறந்துவிட்டோம்.

வெளிநாட்டிலும் ஒரு முன்மாதிரி உண்டு. நம் சரக்கு தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னரில் போகிறது. அந்தக் கன்டெய்னர் வந்த காலத்தில், மூட்டை தூக்கிய துறைமுகத் தொழிலாளர்களின் வேலைதான் முதலில் போனது. 1960ல் அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் சங்கமும் கப்பல் கம்பெனிகளும் ஒரு ஒப்பந்தம் போட்டன. மிஷின் வரட்டும், வேலை முறை மாறட்டும் என்று சங்கம் விட்டுக்கொடுத்தது. பதிலாக, பதிவு பெற்ற தொழிலாளி யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை என்றும், ஓய்வு பெறுகிறவர்களுக்கும் வேலை குறைகிறவர்களுக்கும் தரவே ஒரு நிதி என்றும் கம்பெனிகள் ஒத்துக்கொண்டன. ஐந்தரை வருடத்தில் அந்த நிதிக்கு அவர்கள் கொடுக்க ஒப்பியது 2 கோடியே 90 லட்சம் டாலர். அதில் ஒரு பெரிய குறையும் இருந்தது. முழுப் பதிவு பெற்றவர்களுக்குத்தான் பாதுகாப்பு. பதிவு கிடைக்காமல் வெளியே நின்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. வேகம் கூடிக்கொண்டே போனதில் உள்ளே இருந்தவர்களுக்கும் கசப்பு வளர்ந்து, 1971ல் அங்கே நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது.

அந்தக் குறைதான் நம் ஊருக்குப் பெரிய எச்சரிக்கை. நீங்கள் போடும் ஒப்பந்தத்தின் கூலி யாருக்குப் போகிறது? கம்பெனி சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு. அதற்கு வெளியே எத்தனை பேர் இருக்கிறார்கள்! பவர் டேபிள் காண்ட்ராக்ட்காரரிடம் வேலை செய்பவர்கள், பெரிய கம்பெனிக்காகக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டில் இருப்பவர்கள், வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் பெண்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், அசாமிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்களில் பலருக்கு ஊர்க் கூலி ஒப்பந்தம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவி அவர்கள் பயந்து ரயில் ஏறியபோது, லைன்கள் எப்படி நின்றன என்று பார்த்தோம். அவர்கள் இல்லாமல் இந்த ஊர் ஓடாது என்றால், ஒப்பந்தமும் அவர்களை விட்டுவிட்டு ஓடக் கூடாது. ரேட் குறைப்பு முதலில் நடப்பது இவர்களிடம்தான். மிஷின் மாறினதும் காண்ட்ராக்ட்காரர் சொல்வதுதான் புது ரேட். பிறகு அதையே காட்டி உள்ளூர் டெய்லரிடமும் பேசுவார்கள். எனவே மிச்சப் பங்குப் பிரிவு வேலை யார் மூலம் நடந்தாலும் பொருந்த வேண்டும், இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்து லைனில் ஒட்ட வேண்டும்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர மாற்றம், வேலைமுறை மாற்றம் செய்வதற்கு 21 நாள் முன்னால் தொழிலாளிக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்று 1947ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவும் நான்காம் அட்டவணையும் சொல்லின. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது 40ஆம் பிரிவாகத் தொடர்கிறது. புதுச் சட்டங்களில் தொழிலாளிக்குப் பாதகமானவை பல இருக்கின்றன, அவை வேறு மடலுக்கு உரியவை. இந்த ஒரு பிரிவு கையில் இருக்கிறது, பயன்படுத்தாமல் கிடக்கிறது. என் அனுபவத்தில் எந்த பனியன் கம்பெனியிலும் மிஷின் வருவதற்கு முன் அப்படி ஒரு நோட்டீஸ் ஒட்டி நான் பார்த்ததில்லை.

பிரிவில் என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வாசகத்தை உங்கள் வக்கீல்கள் சீர்செய்யட்டும். ஒரு ஆபரேஷனின் நேரத்தைப் புது மிஷினுக்காக மாற்ற வேண்டும் என்றால், பழைய நேரம், புது நேரம் இரண்டையும் எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்ட வேண்டும். நேரம் எடுக்கும்போது தொழிலாளர் தரப்பில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். லைனில் கெட்டிக்காரரான ஒருவரை மட்டும் உட்கார வைத்து, அதுவும் காலையில் முதல் ஒரு மணி நேரத்தில், எடுத்த கணக்கு செல்லாது. மதியம் மூன்று மணிக்கு மேல் கை எவ்வளவு வேகமாகப் போகும் என்று மிஷினில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், நேரம் எடுக்கிறவருக்கும் தெரிய வேண்டும். குறைந்த நேரத்தின் மதிப்பில் பாதி பீஸ் ரேட்டிலோ ஷிப்ட் கூலியிலோ சேர வேண்டும். அது ஒப்பந்தச் சதவீத உயர்வுக்கு மேலே தனியாக வர வேண்டும், அதில் கழிக்கக் கூடாது. ஒரு வேலையே இல்லாமல் போனால், அதில் இருந்தவரை வேறு வேலைக்குப் பழக்க வேண்டும், பழகும் காலம் முழுக்கப் பழைய கூலி தர வேண்டும். அதற்கு ஊர் அளவில் ஒரு நிதி, கம்பெனிகள் தங்கள் ஏற்றுமதி அளவுக்குத் தக்கபடி போடுவது. 

சின்ன யூனிட்டுகள் இதைத் தாங்குமா என்று ஒரு கேள்வி வரும். பத்து மிஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவரிடம் ஸ்டாப் வாட்சும் இல்லை, நிபுணரும் இல்லை. அவருக்கு ரேட் தருவது மேலே உள்ள பெரிய கம்பெனி. ஆகவே அந்தக் கம்பெனி தரும் ஜாப் ஒர்க் ரேட்டிலேயே இந்தப் பங்கைச் சேர்க்க வேண்டும். கீழே உள்ளவர் தலையில் கட்டக் கூடாது. இதில் முதல் வருடம் சிக்கல் வரும், தகராறும் வரும். ஒரு சில ஆபரேஷனில் மட்டும் ஆரம்பித்துப் பார்க்கலாம். ஓவர்லாக், பேட்லாக் (இன்னொரு வகைத் தையல்), கைமடி மூன்றும் போதும்.

பையர்களையும் இதில் இழுக்க முடியும். 2022ல் திண்டுக்கல் பக்கத்து ஆடைத் தொழிற்சாலைகளுக்காகத் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் உற்பத்தி நிறுவனமும் போட்ட ஏற்பாட்டில் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளும் கையெழுத்துப் போட்டன. அது பணியிடத்தில் பெண்கள் மேல் நடக்கும் வன்முறையைத் தடுப்பதற்கானது. ஒரு பெண் தொழிலாளி கொலையான பிறகு, அந்தச் சங்கத்தின் பெண்கள் விடாமல் நின்று வாங்கியது. சட்டப்படி கட்டுப்படுத்தும் காகிதத்தில் பிராண்டைக் கையெழுத்துப் போட வைக்க முடியும் என்று நம் மாநிலத்துப் பெண்களே காட்டியிருக்கிறார்கள். ஜெர்மனியில் 2023 முதல் சப்ளை செயின் சட்டம் நடப்பில் இருக்கிறது, அங்கே இயங்கும் பெரிய நிறுவனங்கள் இங்கே நடப்பதற்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். நிமிடத்தைக் குறைத்து விலை பேச வருகிறவரிடம், மிச்ச நிமிடத்தில் பாதி தொழிலாளிக்கு எழுதியாயிற்று என்று இரு தரப்புக் கையெழுத்தோடு காட்டினால் பதில் சொல்ல அவர்களுக்கும் கஷ்டம்.

இப்போது இதையெல்லாம் பேச நேரமா என்று கேட்பீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா முதலில் 25 சதவீதம், அந்த மாதம் 27ஆம் தேதி இன்னொரு 25 சதவீதம் என்று வரி போட்டபோது, ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டை நம்பியிருந்த ஊர் எப்படி ஆடிப்போனது என்று எல்லோரும் பார்த்தோம். பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள், ஓவர்டைம் நின்றது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஆள் செலவைக் குறைக்க மிஷின் வாங்கும் வேகம் கூடுகிறது. அமெரிக்காவில் வரி எந்தப் பக்கம் போனாலும், 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்தால் புது ஆர்டர்கள் வந்தாலும், அவற்றைத் தைக்கப்போவது பழைய எண்ணிக்கை ஆட்களை வைத்து அல்ல. வரப்போகும் லைன்களின் திட்டம் இப்போதே உங்கள் கம்பெனிகளில் காகிதத்தில் இருக்கிறது. லைன் போட்ட பிறகு பேசினால் ரேட்டைப் பற்றித்தான் பேச முடியும். போடுவதற்கு முன் பேசினால் பங்கைப் பற்றிப் பேசலாம்.

நான் கேட்கும் முதல் வேலை சின்னது. அடுத்த சுற்றுப் பேச்சுக்கு வருவதற்கு முன், சம்மதிக்கும் சில கம்பெனிகளில் கடந்த ஐந்து வருடத்தில் மூன்று ஆபரேஷன்களின் நேரமும் ரேட்டும் எப்படி மாறின என்று எழுதிக் கொண்டு வாருங்கள். சங்கங்கள் அதே ஆபரேஷன்களில் வேலை செய்பவர்களின் சம்பளச் சீட்டுகளைக் கொண்டு வரட்டும். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, சதவீதத்தை அதற்குப் பிறகு பேசுங்கள். அந்தப் படிவத்தைத் தயாரிக்க, நேரம் எடுக்க, கணக்குச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்றால் நானும் என்னோடு வேலை பார்த்த சிலரும் எந்தத் தரப்பு கூப்பிட்டாலும் வருகிறோம். அதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு பனியன் தொழிலாளி